படிக்கல்லுக்கு அடியில் ஒரு மூக்குத்தி

கம்பெனி கேட்டில் காவல் நின்ற காலத்தின் பின்பாதியில் கங்கப்பன் பூட்ஸ் போட்டதே கிடையாது. காக்கிச் சட்டை விறைப்பாக இருக்கும், தொப்பி நேராக இருக்கும், பெல்ட்டில் பித்தளை மின்னும்; காலில் மட்டும் சந்தையில் வாங்கிய ரப்பர் செருப்பு. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது, பூட்ஸ் போட்டால் கால் வெந்து புண்ணாகிறது என்று சொல்லிச் சமாளித்தான். நல்ல மனுஷன், காலைக் காட்டு என்று கேட்காமல் விட்டார். கேட்டிருந்தால் மாட்டியிருப்பான், அந்தக் காலில் ஒரு கொப்புளம்கூடக் கிடையாது. புண் இருந்த இடம் அவன் வீட்டாருக்கும் புதூர் நஞ்சம்மாவுக்கும்தான் தெரியும்.

கங்கப்பனுக்குச் சொந்த ஊர் தொட்டகானூர். இப்போது போய்த் தேடினால் தண்ணீர்தான் தெரியும். வீட்டுக்குள் தெலுங்கு, சந்தைக்குப் போனால் கன்னடம், தாலுகா ஆபீசுக்குப் போனால் தமிழ் என்று மூன்று பாஷையும் புழங்கிய ஊர். எமர்ஜென்சி முடிந்த கையோடு ஆற்றில் அணை எழும்பியது, ஊர் தண்ணீருக்குள் போனது. சர்க்கார் மேட்டில் கொடுத்த மனைகளில் பாதிப் பேர் குடிசை போட்டு அதற்குப் புதூர் என்று பேர் வைத்தார்கள். மீதிப் பேர் ஓசூருக்கு வந்து கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்கள். கங்கப்பனுக்குப் படிப்பு கம்மி, உடம்பு வாட்டசாட்டம். பித்தளைக் குழாயும் வால்வும் செய்கிற ஒரு கம்பெனியில் பார்த்த மாத்திரத்தில் கேட்டில் நிறுத்திவிட்டார்கள்.

பித்தளை இருக்கிற இடத்தில் கை நீளாமல் இருக்குமா? ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களில் சிலர் சாப்பாட்டு டப்பாவில், சாக்ஸில், ஒரு ஆள் தலைப்பாகையில்கூடத் துண்டு துண்டாகக் கடத்தினார்கள். அதைப் பிடிக்க ஒரு மிஷின் வாங்கினார்கள். ஒரு கைப்பிடி, நுனியில் வளையம், உலோகம் கிட்டே வந்தால் கீச்சென்று கத்தும். தொழிலாளிகள் அதற்கு மாமியார் என்று பேர் வைத்தார்கள். யாரைக் கண்டாலும் சந்தேகப்படுகிறதாம். கங்கப்பன் அந்த மாமியாரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஆளையும் நிறுத்தித் தலையிலிருந்து கால்வரை ஓட்டுவான். மாட்டியவனைச் சும்மா விடமாட்டான். தின்ற சோற்றுக்குத் துரோகம் பண்ணலாமா, உனக்கெல்லாம் வெட்கமே கிடையாதா என்று நாலு பேர் முன்னால் கேட்பான். அப்படிக் கேட்கத் தனக்கு யோக்கியதை இருக்கிறது என்று அவன் முழுசாக நம்பிய காலம் அது.

சில வருஷத்தில் புது மிஷின் வந்தது. பழசைக் கழித்துக் காயலான் கடைக்குப் போகிற குவியலில் எறிந்தார்கள். கங்கப்பன் ஸ்டோர்காரரைக் கேட்டு அதை வாங்கி வந்து, பாகலூர் ரோட்டில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொடுத்துச் சரி பண்ணிக்கொண்டான். எதற்கு என்று அப்போது அவனுக்கே தெரியாது. அவன் மனைவி முனிலட்சுமி, ஒரு மாமியாரோடு காலம் தள்ளினது போதாதா, இன்னொன்று வேறா என்று கேட்டுவிட்டுப் பரண்மேல் ஏற்றி வைத்தாள்.

அவர்களுக்கு ஒரே மகள், சரஸ்வதி. ஆறாம் வகுப்பு. காது குத்தியபோது தாய்மாமன் போட்ட தோடு ஒரு கஷ்டகாலத்தில் கை மாறிப் போய்விட்டது. துவாரம் தூர்ந்துவிடக் கூடாதே என்று துடைப்பக் குச்சியை ஒடித்துச் செருகியிருந்தார்கள். விசேஷ வீட்டுக்குப் போனால் யாராவது ஒருத்தி, புள்ளை காது மூளியா இருக்குதே என்று கேட்காமல் இருக்கமாட்டாள். அன்றைக்கு வீடு திரும்பியதும் முனிலட்சுமி பாத்திரங்களை வைக்கிற சத்தமே வேறு மாதிரி இருக்கும். கங்கப்பன் அந்தச் சத்தத்துக்குப் பயந்து கடைத்தெருவுக்குப் போய்விடுவான்.

எண்பத்தேழாம் வருஷக் கோடையில் அணை வற்றியது. தண்ணீர் இறங்க இறங்கக் கரை அகலமாகிக்கொண்டே போய், கடைசியில் வண்டலுக்குள்ளிருந்து தொட்டகானூர் எழுந்து வந்தது. அந்தப் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை, வாசல் நிலையையே கருங்கல்லில் அடித்து நிறுத்துவார்கள். ஊரைக் காலி பண்ணியவர்கள் ஓடு, உத்தரம், கதவு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனார்கள். கல் நிலையை மட்டும் தூக்க முடியவில்லை. சுவரெல்லாம் கரைந்து போக, நிலைகள் மட்டும் தெருத் தெருவாக அப்படியே நின்றன. பார்க்க வந்த ஜனங்கள் அந்த வெட்டவெளியில் அவரவர் நிலைக்குள் குனிந்து நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தார்கள், கும்பிட்டார்கள், சிலர் அழுதார்கள். கங்கப்பனும் போய்த் தன் வீட்டு நிலையைக் கும்பிட்டான். கும்பிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது.

நிலை நிறுத்தும்போது படிக்கல்லுக்கு அடியில் சின்னதாகக் குழி பறித்து, நவதானியத்தோடும் மஞ்சளோடும் ஒரு பொட்டுப் பொன் வைப்பது வழக்கம். எவ்வளவு இல்லாதவனும் ஒரு துணுக்காவது வைப்பான். வைத்ததை எடுக்கக் கூடாது, வீட்டுக்குக் கொடுத்தது வீட்டுக்கு. ஊரே காலியானபோதும் அதை யாரும் தோண்டவில்லை. தோண்டினால் குடி விளங்காது என்று பயம். ஆக ஒவ்வொரு நிலைக்கும் அடியில் பொன் இருந்தது. எது யார் வீட்டு நிலை என்று கங்கப்பனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். வீட்டுப் பரணில் மிஷினும் இருந்தது.

லீவு நாளாகப் பார்த்து, ஆடு மேய்க்கிறவர்கள்கூட மரத்தடிக்கு ஒதுங்கிவிட்ட உச்சி வெயிலில் போனான். படிக்கல்லுக்குப் பக்கவாட்டில் கடப்பாரையால் குடைந்து, மண்ணைக் கை கையாக அள்ளிக் கோணிமேல் பரப்பி, கம்பெனியில் ஆளுக்கு ஓட்டுகிற மாதிரியே மிஷினை ஓட்டினான். கீச்சென்றது. அவன் அப்பா வைத்த பொன், கம்பு மணி அளவு. அப்பன் வைத்ததை மகன் எடுக்கிறான், எவன் கேட்பது என்று சொல்லிக்கொண்டான். எவனும் கேட்கவில்லைதான். ஆனால் நிலையை நிமிர்ந்து பார்க்காமலே மண்ணைத் திரும்பத் தள்ளி மூடினான்.

அதோடு நின்றிருந்தால் இது கதையே இல்லை. ஒரு கம்பு மணிப் பொன்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பக்கத்து வீட்டு வெங்கடசாமி வாரிசில்லாமல் செத்தவர், அவர் வந்து கேட்கப் போகிறாரா? அதற்கடுத்த வீட்டார் குடும்பத்தோடு பெங்களூர் போனவர்கள், ஊர் பேரையே மறந்திருப்பார்கள். எதிர்வீட்டுக்காரன் ஒரு காலத்தில் வரப்புத் தகராறில் அப்பாவைக் கை நீட்டி அடித்தவன், அவனுக்கு என்ன மரியாதை? இப்படி ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சமாதானம் கிடைத்தது. தூரத்திலிருந்து பார்த்த ஆடு மேய்க்கிறவர்கள், கங்கப்பன் பழைய செம்புப் பாத்திரம் தேடுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். நகை செய்கிற பத்தர் அவன் கொண்டுபோன துணுக்கையெல்லாம் தராசில் போட்டுப் பார்த்து, இன்னும் ஒரு துளி இருந்தால் ஒரு ஜோடித் தோடு ஆகிவிடும் என்றார். அந்த ஒரு துளி எங்கே இருக்கிறது என்று கங்கப்பனுக்குத் தெரியும். அதற்கு மட்டும் என்ன யோசித்தும் சமாதானம் கிடைக்கவில்லை.

அது நஞ்சம்மா வீட்டு நிலை. தெருக்கோடி வீடு. கங்கப்பனைவிட மூத்தவள், அவன் வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவள். அவன் அம்மா செத்த துக்கத்தில் வீட்டில் அடுப்பெரியாமல் கிடந்த நாட்களில் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள்தான். அவள் புருஷன் ராமப்பன் அந்த வீட்டைக் கட்டி நிலை நிறுத்திய அன்றைக்கு, குழியில் வைக்கப் பொன் இல்லாமல் மாமனார் கையைப் பிசைந்தாராம். கல்யாணமாகி வந்த மஞ்சள் காயாத நஞ்சம்மா, தன் சிவப்புக்கல் மூக்குத்தியைத் தானே கழற்றிக் கொடுத்தாளாம். வேறொன்று வாங்கித் தருகிறேன் என்று ராமப்பன் சொன்னது சொன்னதோடு சரி. மூக்கில் துவாரம் தூர்ந்து தழும்பு மட்டும் நின்றது. மருமகளைத் திட்டுகிற மாமியார்கள் எல்லாரும் நஞ்சம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லித்தான் திட்டை முடிப்பார்கள். புதூருக்கு வந்த வருஷமே ராமப்பன் காய்ச்சலில் போய்விட்டார். மகன் சென்னகிருஷ்ணனோடு அவள் குடிசையில் இருந்தாள்.

எல்லாம் தெரிந்துதான் கங்கப்பன் குடைந்தான். மண்ணிலிருந்து சிவப்புக்கல் எட்டிப் பார்த்தபோது, இப்போதே திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு மகளின் காதுக் குச்சி ஞாபகம் வந்தது. மூக்குத்தியில் ஆணி இல்லை. மண்ணில் எங்கோ போயிருக்கும் என்று அதைத் தேடாமலே மூடிவிட்டு வந்தான். பத்தர் எல்லாவற்றையும் சேர்த்து உருக்கினார். கல் வெறும் கண்ணாடி, விலை போகாது என்று காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அதை எறியவும் மனசு வரவில்லை, வீட்டில் வைக்கவும் பயம். மிஷினில் பேட்டரி போடுகிற பொந்துக்குள் சொருகி வைத்தான். கல்லுக்கு மாமியார் கத்தமாட்டாள்.

ஓவர்டைம் பார்த்துச் சிறுகச் சிறுகச் சேர்த்தது என்றான் வீட்டில். முனிலட்சுமி அன்றைக்குப் பாயசம் வைத்தாள். சரஸ்வதி கண்ணாடி முன்னால் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தாள். அப்பா பாருப்பா என்று அவள் கூப்பிட்டபோதெல்லாம் அவன் பார்த்தான். பார்க்கிறபோது தோடு தெரியாமல் தெருத் தெருவாக நிலைகள் தெரிந்தன.

ஆனி மாசத்தில் ஒருநாள், ஆடு மேய்க்கிறவர்கள் மிஷினைப் பற்றிச் சொல்லக் கேட்டு, நஞ்சம்மா பஸ் ஏறி ஓசூருக்கே வந்துவிட்டாள். ஆடிக் காற்று அடித்து மேலே மழை பிடித்தால் அணையில் தண்ணீர் ஏறிவிடும், அதற்குள் தன் வீட்டு நிலைக்கு ஒருதரம் மிஷினை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள்.

"எடுக்க வேணாம் கங்கப்பா. வெச்சது வெச்ச எடத்துல இருக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லு, போதும். ரொம்ப நாளா எனக்கு அது ஒரு கொறயா இருக்குது."

என்ன குறை என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. டியூட்டி முடிந்து வந்த கோலத்திலேயே, காக்கியும் பூட்ஸுமாக, மிஷினை எடுத்துக்கொண்டு அவளோடு பஸ் ஏறினான். வழியெல்லாம் அவள் சரஸ்வதியின் புதுத் தோட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். புள்ளை முகமே மாறிப் போச்சு என்று சந்தோஷப்பட்டாள். கங்கப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நிலைக்கு முன்னால் சென்னகிருஷ்ணனும் புதூர்ப் பெண்கள் சிலரும் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு காத்திருந்தார்கள். கங்கப்பன் வளையத்தைப் படிக்கல்லுக்குப் பக்கத்தில் ஓட்டினான். சத்தமில்லை. சத்தம் எங்கிருந்து வரும்? இன்னொரு தடவை ஓட்டினான். நஞ்சம்மா மிஷினைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் கரைந்து போய்விட்டது என்று சொல்லப் பொன் என்ன வெல்லமா? இல்லை என்று சொன்னால் யார் எடுத்தது என்று கேள்வி வரும். மிஷின் வைத்திருக்கிறவன் அந்த ஊரில் ஒரே ஒருவன்தான். அவன் பூட்ஸுக்கு அடியில் இரும்பு லாடம் அடித்திருந்தது. மண்ணைச் சரிசெய்கிற மாதிரி வலது காலை முன்னால் நகர்த்தி, வளையத்தை அதன் மேல் கொண்டுபோனான். கீச்சென்றது.

"கத்துது பாருக்கா" என்றான்.

நஞ்சம்மா அப்படியே உட்கார்ந்து படிக்கல்லில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து மஞ்சள் தண்ணீரைத் தொட்டு மிஷினின்மேல் தெளித்து, அதற்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். கங்கப்பனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே சிவப்புக்கல் இருந்த மிஷின் அவன் கக்கத்தில் இருந்தது. பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. வீட்டுக்கு வந்து கழற்றிய பூட்ஸை அதற்கப்புறம் அவன் போடவே இல்லை.

அந்தக் கீச்சுச் சத்தம் அதோடு விடவில்லை. சென்னகிருஷ்ணன் அப்போதுதான் புதூரில் ஓட்டுவீடு கட்ட ஆரம்பித்திருந்தான். பொன் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்ததும், மறுபடி தண்ணீருக்குள் விடுவானேன், புது வீட்டு நிலைக்கே கொண்டுவந்துவிடலாமே என்று அவனுக்குத் தோன்றியது. ஆசாரியைக் கேட்டான். பூஜை பண்ணிவிட்டு எடுக்கலாம், ஆனால் கொடுத்த கையே திருப்பி எடுக்கக் கூடாது, வெளியாள்தான் தனியாகப் போய் எடுக்க வேண்டும் என்றார் ஆசாரி. வெளியாள் யார்? மிஷின் வைத்திருக்கிற கங்கப்பன். ஆவணியில் நல்ல நாள் பார்த்துச் சொல்லி அனுப்பினார்கள். நீ உன் கையால் எடுத்துவந்து என் கையில் கொடுக்க வேண்டும் என்று நஞ்சம்மா தனியாகச் சொல்லி அனுப்பினாள்.

கங்கப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தான். இப்போது போய் அங்கே இல்லை என்றால் அன்றைக்குக் கத்தியது என்ன என்று கேட்பார்கள். தீபாவளி போனஸ் வரைக்கும் ஒரு துளிப் பொன் வாங்க வழியில்லை. வீட்டில் பொன் என்று இருந்தது இரண்டே இடத்தில்தான், சரஸ்வதியின் இரண்டு காதில்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகும்போது அவள் தோட்டைக் கழற்றி விளக்கு மாடத்தில் வைப்பாள். அந்த வெள்ளிக்கிழமை கங்கப்பன் மாடத்திலிருந்து ஒரு தோட்டை எடுத்துக்கொண்டான். ஒன்று காணோம் என்றால் தொலைந்தது என்பார்கள், இரண்டும் காணோம் என்றால் திருட்டு என்பார்கள். கேட்டில் இத்தனை வருஷம் நின்று படித்த பாடம் அது.

அன்றைக்கு முனிலட்சுமி மகளை அடித்த அடி பக்கத்து லைன் வீடுகளுக்கெல்லாம் கேட்டது. துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அடித்தாள். அப்பன் ரத்தத்தைச் சிந்திச் சேர்த்தது, இப்படிப் பொறுப்பில்லாமல் தொலைத்துவிட்டு நிற்கிறாயே என்று அடிக்கு அடி கேட்டாள். நான் தொலைக்கலம்மா என்று ஒரே ஒரு தடவை சொன்ன சரஸ்வதி, அப்புறம் வாயைத் திறக்கவில்லை. வாசல்படியில் நின்ற அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பாற்றச் சொல்லிப் பார்க்கிறாள் என்று நினைத்தான் கங்கப்பன். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது போலப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்தான். ஒரு எட்டு வைத்து அந்தத் துடைப்பத்தைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. மிச்சமிருந்த ஒற்றைத் தோட்டை முனிலட்சுமி பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சரஸ்வதியின் காதில் மறுபடி குச்சி ஏறியது.

இப்போதுதானே செய்தேன், அதற்குள் உருக்கச் சொல்கிறாயே என்று பத்தர் அலுத்துக்கொண்டார். ஆனாலும் அந்தச் சிவப்புக்கல்லைப் பதித்து, சுழன்று கழன்று விழாமல் இருக்க நல்ல கனமான ஆணியும் திருகும் வைத்து ஒரு மூக்குத்தி செய்து கொடுத்தார். ஆடி போயும் மழை ஏமாற்றியதில் அணையில் தண்ணீர் ஏறவில்லை. கங்கப்பன் தொட்டகானூருக்குப் போய் வண்டலை அள்ளி அதை அதில் போட்டுத் தேய்த்தான். பார்க்கப் பழசாக இருந்தது. வெற்றிலையில் மடித்து வைத்துக்கொண்டான்.

நிலை வைக்கிற அன்றைக்கு மூவரும் புதூருக்குப் போனார்கள். மாவிலை கட்டி, மஞ்சள் பூசிய மர நிலையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். நஞ்சம்மா சரஸ்வதியைப் பார்த்ததும் காதைத் தொட்டு, தோடு எங்கே என்று கேட்டாள். முனிலட்சுமி இதற்குத்தான் காத்திருந்தவள் மாதிரி எல்லாவற்றையும் கொட்டினாள். குளிக்கப் போன இடத்தில் ஒன்றைத் தொலைத்தது, துடைப்பம் பிய்ந்து போகிற அளவுக்கு அடித்தது, அப்படியும் ஒப்புக்கொள்ளாத அழுத்தம் எல்லாம் சொன்னாள். நஞ்சம்மா பிள்ளையின் கையில் இருந்த தடிப்பைத் தடவிவிட்டாள்.

ஆசாரி நேரமாகிறது என்றார். கங்கப்பன் வெற்றிலை மடிப்பை நீட்டினான். நஞ்சம்மா பிரித்து, முந்தானையால் மண்ணைத் துடைத்து, கல்லைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு அதைத் திருப்பினாள். ஆணியைப் பார்த்தாள். விரலால் திருகிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தலையைத் தூக்கிச் சரஸ்வதியின் காதில் இருந்த குச்சியைப் பார்த்தாள். அப்புறம் கங்கப்பனைப் பார்த்தாள். என்னம்மா பாத்துக்கிட்டே நிக்கற, குழியில வை என்று சென்னகிருஷ்ணன் அவசரப்படுத்தினான். அவள் குனிந்து மூக்குத்தியைக் குழியில் வைத்தாள். நவதானியம் விழுந்தது, மஞ்சள் விழுந்தது, நிலை நிமிர்ந்து நின்றது. பெண்கள் குலவை இட்டார்கள்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது நஞ்சம்மா அவனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வரச் சொன்னாள்.

"நான் குழியில வெச்சது ஒடஞ்ச மூக்குத்தி கங்கப்பா. ஆணி போனது, மெழுகு வெச்சு மூக்குல ஒட்டியிருந்தேன். அது எங்கம்மாவுக்கும் தெரியாது, கட்டின புருஷனுக்கும் தெரியாது. நல்லதத்தான் கழட்டிக் குடுத்தேன்னு ஊரெல்லாம் என்னத் தூக்கி வெச்சிப் பேசுச்சு. நானும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். பழுதுபட்ட பொன்ன வெச்சதாலதான் வீடு தண்ணிக்குள்ள போச்சு, அவரும் போயிட்டாருன்னு இத்தன வருசமா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கறேன். அது இருக்குதான்னு பாக்கச் சொன்னது அதுக்குத்தான்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"தண்ணியில கெடந்தா ஆணி மொளைக்குமா?"

அக்கா என்று ஆரம்பித்தான். காலில் விழப் போனவனை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள், பந்தியிலிருந்து பார்க்கிறார்கள் என்றாள். நிலை நின்றுவிட்டது, இனி அதை எடுக்க முடியாது, ஒரு பிள்ளை அடி வாங்கின பொன்மேல் என் மகன் குடித்தனம் பண்ண வேண்டும் என்று இருக்கிறது, பண்ணட்டும் என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். அந்தப் புள்ளகிட்ட மட்டும் சொல்லிடு. அவ தொலைக்கலன்னு."

சாயங்காலம் பஸ்ஸுக்கு நடந்தார்கள். வெற்றிலை, பலகாரப் பையோடு முனிலட்சுமி முன்னால் வேகமாகப் போனாள். கங்கப்பன் மகளோடு பின்தங்கினான். கம்பெனி கேட்டில் அவன் நிறுத்திவைத்து நாலு பேர் முன்னால் கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவன்கூடத் தன் பழியைப் பெற்ற பிள்ளைமேல் போட்டதில்லை.

"சரசு, தோட்ட நீ தொலைக்கல" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. "அப்பாதான் எடுத்தேன்."

"தெரியும்பா" என்றாள் அவள். குளிக்கிற இடத்துச் சாக்குப் படுதா காற்றில் விலகியபோது, அவன் கை மாடத்துக்குள் போய் வந்ததைப் பார்த்தாளாம்.

பிறகு ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டான். அவள் காதுக் குச்சியைத் திருகிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தாள்.

"அம்மா அடிக்கறப்ப நீ அங்கதான நின்னுக்கிட்டிருந்த. நீயே சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

பஸ் வந்து நின்றது. முனிலட்சுமி படியில் ஒரு காலை வைத்தபடி, சீக்கிரம் வரச் சொல்லிக் கையை ஆட்டினாள். கங்கப்பன் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். கண்டக்டரைப் போகச் சொன்னான். இதற்கப்புறம் பஸ் கிடையாதே என்று அவள் சத்தம் போட்டாள். பஸ் கிளப்பிய புழுதி அடங்கியது. சரஸ்வதி பக்கத்தில் வந்து நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். அதே பார்வை. இந்தத் தடவை அவன் தலையைக் குனியவில்லை.

"முனி, பைய கீழ வையி" என்றான். "தோட்ட எடுத்தது நான்."